வாரச் சாமான் எங்கே வாங்குவது: ஒண்டிப்புதூர்க் குடும்பம் ஒன்றுக்கு ஒரு பதில்

கோவை ஒண்டிப்புதூரில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்கிறார்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் மகனும் மாமியாரும் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், காய்கறி முதல் துணி சோப்பு வரை ஒரே வண்டியில் வாங்கி வருகிறார்கள். ஆனாலும் வியாழக்கிழமைக்குள் பாதிக் காய் வாடிவிடுகிறது. செலவோ மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது. உழவர் சந்தை, தெருவிலுள்ள மளிகைக் கடை, கைபேசிச் செயலி ஆகியவற்றில் எதற்கு மாறுவது என்பது அவருடைய கேள்வி.

நான் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்கான சாமான்களை வாராவாரம் நானே பையெடுத்துப் போய் வாங்கி வருகிறேன். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்வதானால், எந்தக் கடை என்று முடிவு செய்வதற்கு முன்னால், எந்தப் பொருள் வீட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதை முடிவு செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை வாங்க வேண்டியவை காய்கறியும் பழமும் முட்டையும் மட்டுமே. அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் போன்றவை மாதம் ஒருமுறை வாங்க வேண்டியவை. சோப்பு, சலவைத்தூள் வகைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்கினாலும் கெட்டுப்போகாது. இந்த மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே கூரையின் கீழ், ஒரே தள்ளுவண்டியில் சேர்த்ததுதான் உங்கள் வீட்டுச் செலவு ஏறுவதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். மாதத்துக்கு நான்கு முறை மளிகை அலமாரிகளுக்கு நடுவே நடந்தால், பட்டியலில் இல்லாத பொருள் நான்கு முறை வண்டியில் ஏறும். கொங்கு நாட்டில் நம் பெற்றோர் காலத்தில் சந்தை நாள் வேறு, மளிகை வாங்கும் நாள் வேறு. சந்தைக்குப் போனவர்கள் காயோடு திரும்பினார்கள். மாதச் சம்பளமோ விளைச்சல் பணமோ கைக்கு வந்ததும் மளிகைக் கடைக்குப் பட்டியல் போனது. அந்தப் பிரிவினையில் ஒரு கணக்கு இருந்தது.

முதலில் காய்கறியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வாரக் கொள்முதல் என்பதே பெரும்பாலும் அதுதான். ஒண்டிப்புதூரில் இருக்கும் உங்களுக்குச் சிங்காநல்லூர் உழவர் சந்தை கூப்பிடு தூரம். உழவர் சந்தைத் திட்டத்தின் முதல் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவியது, கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம் ஆகிய இடங்களில் இருக்கிறது. பலரும் இதை ‘மலிவாகக் காய் கிடைக்கும் இடம்’ என்று மட்டும் எண்ணுகிறார்கள். அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால், ஏன் மலிவு, எதில் மலிவு என்பது புரியும்.

விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் சரிபார்த்து அடையாள அட்டை தந்த விவசாயிகளுக்கே கடை. அந்தக் கடைக்கு வாடகை கிடையாது. வேளாண் விற்பனைத் துறை ஊழியர்கள் அதிகாலையில் மொத்தச் சந்தை விலையையும் வெளிச்சந்தைச் சில்லறை விலையையும் பார்த்து, அன்றைய விலையை நிர்ணயம் செய்து பலகையில் எழுதிப்போடுகிறார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக விவசாயிக்கும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக வாங்குபவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அந்த விலை நிர்ணயத்தின் நோக்கம். இடையில் கமிஷன் மண்டி, ஏற்று கூலி, இறக்கு கூலி, சில்லறைக் கடைக்காரரின் கழிவு ஆகியவை இல்லாததால்தான் இது இரு பக்கமும் கட்டுப்படியாகிறது. கொள்முதல் பிரிவில் இருந்தபோது நான் கண்ணால் கண்டது இது: தக்காளியோ கத்திரியோ ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும், அதோடு ஒவ்வொரு முறை கொட்டி அள்ளும்போதும் கொஞ்சம் நசுங்கிக் கழிவாகும். அந்தக் கழிவின் விலையும் கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும். தோட்டத்திலிருந்து நேராக வந்த காய் கூடுதலாக இரண்டு நாள் தாங்குவதற்கும் அதுவே காரணம். நீங்கள் வியாழக்கிழமை வாடுகிறது என்று சொல்லும் அவரைக்காய், உங்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே பறித்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கலாம்.

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் விலைப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கைபேசியில் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சுற்று எதையும் வாங்காமல் நடந்து பாருங்கள்; இதை நான் இன்றுவரை தவறாமல் செய்கிறேன். ஒரே வகைக் காயை மட்டும், அதுவும் ஒரே மாதிரி அல்லாமல் பெரிதும் சிறிதுமாக வைத்திருப்பவர் பெரும்பாலும் தன் தோட்டத்துக் காயை விற்பவர். பத்துப் பன்னிரண்டு வகையையும் சீராக அடுக்கி வைத்திருக்கும் கடையில் ஓரளவு வெளிக்காயும் கலந்திருக்கக்கூடும். அங்கே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாக வேண்டும் என்று நினைக்கும் காயை முதலில் சொன்னவரிடம் வாங்குங்கள் என்கிறேன். கீரைக்கும், பொரியல் தட்டைக்கும் (காராமணிக்காய்), பீர்க்கங்காய்க்கும், வெண்டைக்கும் இது மிகவும் பொருந்தும்.

சின்ன வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொங்கு சமையலில் அதற்கு ஆகும் செலவு சிறிதல்ல. பல்லடம், பொங்கலூர்ப் பக்கத்தில் வெங்காயத்தை அறுவடை செய்தவுடன் விற்கப் பிடிக்காதவர்கள், காற்றோட்டமான பட்டறை போட்டுச் சேமித்து வைத்து, விலை வரும்போது எடுப்பார்கள். ஆகவே சந்தையில் ஒரே நாளில் பட்டறையிலிருந்து வந்த பழைய காயும், தோட்டத்திலிருந்து நேற்று வந்த புதுக் காயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பழைய காயானால் தோல் சருகாகச் சலசலக்கும், கழுத்துப் பகுதி இறுகி மூடியிருக்கும். புதுக் காயானால் கழுத்தை விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருக்கும், தோல் ஒட்டிக்கொண்டு வரும். விலை குறைவாக இருக்கிறதே என்று புதுக் காயை ஐந்து கிலோ வாங்கிப் பையோடு சமையலறை மூலையில் வைத்தால், பத்து நாளில் மூன்றில் ஒரு பங்கு அழுகிவிடும். இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வாங்குவதானால் பழைய காய். அந்த வாரத்துக்கு மட்டும் என்றால் புதுக் காய். சென்ற ஆண்டு ஒரு பெரியம்மாவிடம் நான் மூன்று கிலோ கேட்டபோது, அவர் தராசில் போடுவதற்கு முன், “ஊட்ல எத்தனை பேருங்க? இது புதுக் காயிங்க, ஒரு கிலோ எடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் பட்டறைக் காய் கொண்டாறேன்” என்றார். அவருக்கு இரண்டு கிலோ விற்பனை குறைந்தது. இப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் எதிரில் இருக்கிறார் என்பதற்காகவே நான் அந்த இடத்தைப் பரிந்துரைக்கிறேன். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி எந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்குச் சொல்லாது.

தக்காளிக்கும் ஒரு வார்த்தை. கிணத்துக்கடவுப் பகுதியிலிருந்து வரும் தக்காளி கோவைச் சந்தைகளில் பெருமளவு இருக்கும். மழைக்காலத்தில் வரத்து சுருங்கி விலை திடீரென்று ஏறும். 2023 ஜூலையில் சில்லறை விலை நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகள் மூலம் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வாரங்களில் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டிச் சமைப்பது, மலிவாக எங்கே கிடைக்கும் என்று மூன்று கடை ஏறி இறங்குவதைவிட நல்லது. வாரத்துக்கு வாங்கும்போது நன்றாகப் பழுத்தவை பாதியும் செங்காய் பாதியுமாகப் பொறுக்கி, பழுத்ததை முதலில் தீர்த்துவிடுங்கள். மலைக்காய்கள், அதாவது கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், மேரக்காய் (சௌசௌ) போன்றவை நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகின்றன. இவை ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும் என்பதால் எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. விலையை மட்டும் பார்த்து வாங்கலாம். அரசாணிக்காயும் (பரங்கிக்காய்) அப்படித்தான், முழுக்காயை அறுக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், அறுத்த கீற்றை மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

எத்தனை மணிக்குப் போவது என்பது முக்கியம். காலை ஆறு மணிக்குள் போனால் பொறுக்கி எடுக்கலாம். ஒன்பது மணிக்கு மேல் போனால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் கீரையும் கறிவேப்பிலையும் துவண்டிருக்கும், நல்ல காய் போயிருக்கும். வேலைக்குப் போகும் உங்களுக்கு ஞாயிறு காலைதான் தோதுப்படும் என்று தோன்றும். ஆனால் ஞாயிறு காலை கூட்டமும் வண்டி நிறுத்தும் சிரமமும் மிகுந்த நேரம். சனிக்கிழமை விடியற்காலையில் போய்வர முடியுமானால் அதையே தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் சேறு இருக்கும், வயதானவர்களை அழைத்துப்போவது சிரமம். இந்தக் குறைகளையெல்லாம் மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

வாரச் சந்தைகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. புன்செய் புளியம்பட்டியிலும் பொள்ளாச்சியிலும் வியாழக்கிழமை கூடும் சந்தைகள் போல, கொங்கு நாட்டில் பல ஊர்களில் நாள் குறித்த சந்தை இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த ஊர்களில் இருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டாம். உங்களைப் போல நகரத்தில் இருப்பவர்கள் அதற்காகப் பயணம் செய்ய வேண்டிய அவசியமில்லை. அங்கே எடைக்குப் பதிலாகக் கூறு கட்டி விற்பதும் உண்டு. கூறு வாங்கும்போது மேலே இருக்கும் காயைப் பார்க்காமல் அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தெருவில் வரும் தள்ளுவண்டிக்காரரையும் ஒதுக்கிவிடாதீர்கள். சனிக்கிழமை வாங்கிய கீரை செவ்வாய்க்கிழமை வரை நிற்காது. மாமியார் வீட்டில் இருப்பதால், புதன்கிழமை கீரையையும் கொத்தமல்லித்தழையையும் வண்டியில் வாங்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டால், வாரத்துக்கான பை இலேசாகும், காய் வாடும் பிரச்சினையும் பாதி தீரும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் வீணாகாத காய் மலிவான காய்தான்.

இனி மளிகை. இதில் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய கடையில் தள்ளுபடி விலையில் துவரம்பருப்பு கிடைத்தது என்று பத்துக் கிலோ வாங்கி வந்தேன். பார்வைக்குப் பளபளவென்று ஒரே நிறமாக இருந்தது. ஒன்றரை மாதத்தில் டப்பாவைத் திறந்தபோது வண்டு விழுந்து, அடியில் மாவாகக் கிடந்தது. பளபளப்பு என்பது மெருகேற்றியதால் வருவது; பருப்பின் தரத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். நம் ஊருக்கு வரும் துவரையில் பெரும்பங்கு கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் போன்ற இடங்களிலிருந்து வருகிறது. பருப்பு வாங்கும்போது ஒரு கையளவு எடுத்து, மோந்து பாருங்கள். பழைய சாக்கு வாசனை வரக்கூடாது. கையைத் தட்டிவிட்ட பிறகு உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது புழு தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு பருப்பைக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. நம் பாட்டிமார் துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து வைத்ததும், உடைத்த பருப்பில் விளக்கெண்ணெய் தடவியதும் இந்த வண்டுக்குப் பயந்துதான். அடைத்து ஒட்டிய பொட்டலத்தில் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. ஆகவே பருப்பு, பயறு, கொள்ளு, மிளகாய், தனியா, புளி ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்க அனுமதிக்கும் மளிகைக் கடையிலேயே வாங்குங்கள்.

அந்த மளிகைக் கடை உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை கோவை ரங்கே கவுடர் வீதிக்குப் போய் மொத்த விலைக் கடைகளில் வாங்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். பத்துப் பேர் கொண்ட கூட்டுக் குடும்பத்துக்கோ, இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்குவதற்கோ அது நிச்சயமாக லாபம். நான்கு பேருக்கு அலைச்சலும் பெட்ரோலும் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இராது. தெருக் கடைக்காரருக்கு நீங்கள் மாதம் தவறாமல் பட்டியல் கொடுக்கும் வாடிக்கையாளர் என்று தெரிந்தால், பருப்பு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம், புதுச் சரக்கு வரும்போது சொல்லச் சொல்லலாம், ஆள் மூலம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். 2020 ஊரடங்கின்போது பெரிய கடைகளின் முன்னால் வரிசையில் நின்றவர்களும் நினைவிருக்கிறார்கள், பழகிய மளிகைக் கடைக்காரர் பின்வாசல் வழியாகப் பாலும் அரிசியும் எடுத்துக்கொடுத்த வீடுகளும் நினைவிருக்கின்றன. அந்த உறவை வைத்துக்கொள்ள மாதம் ஒரு பட்டியல் போதும்.

அரிசியில் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து விவரம் அச்சிட்டு விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 26 கிலோ மூட்டைகள் கடைகளில் தோன்றியது அதன் பிறகுதான். ஆகவே மூட்டை விலையை ஒப்பிடும்போது எடையைப் பார்த்து, கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஒரு கடையில் 25 கிலோ, இன்னொரு கடையில் 26 கிலோ என்று இருக்கும்போது மூட்டை விலை ஏமாற்றும். புது அரிசியைவிட ஆறு மாதம் ஓராண்டு பழையதானது சோறு கூடுதலாகக் காணும், உதிரியாக நிற்கும்; கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடினாலும் பழைய அரிசியே சிக்கனம். காங்கேயத்து அரிசி ஆலைகளிலிருந்து வரும் மூட்டைகள் கோவை, திருப்பூர் கடைகளில் நிறையக் கிடைக்கும். எந்த மாதம் அரைத்தது என்று பையின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

எண்ணெயிலும் இதே கணக்குதான். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். லிட்டர் பாக்கெட் போலவே தோற்றமுள்ள உறையில் 850 மில்லி, 800 மில்லி, அல்லது கிராம் கணக்கில் குறைவாக அடைத்து, விலையையும் பத்து ரூபாய் குறைத்து வைத்திருப்பார்கள். மலிவு என்று கை நீளும். உறையில் அலகு விலை, அதாவது ஒரு மில்லிக்கோ ஒரு கிராமுக்கோ எத்தனை ரூபாய் என்று அச்சிட வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதி. அதைப் பாருங்கள், பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் செக்கில் ஆட்டி வாங்கும் வசதி கொங்கு நாட்டில் இன்னும் சுலபமாக இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் எனத் தேங்காயும் கொப்பரையும் விளையும் ஊர்கள் பக்கத்தில் இருக்கும்போது, தோட்டம் வைத்திருக்கும் உறவினர் யாரேனும் இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை கொப்பரை வாங்கி ஆட்டி வைத்துக்கொள்வது உத்தமம்.

ஊர் சார்ந்து வாங்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் குறியீடு அச்சிட்ட தூளைத் தேடுவதைவிட, விரலி மஞ்சளை முழுதாக வாங்கி மில்லில் அரைப்பது கலப்படத்துக்கு இடம் தராது. மிளகாய்த்தூளும் அப்படியே, மிளகாயும் மல்லியும் வாங்கி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, மில்லுக்குக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்கிற வேலை இது. வெல்லத்தில் வெளிர் மஞ்சளாக மின்னுவதை விட்டுவிட்டு, பழுப்பாக இருப்பதை எடுங்கள். வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி பெயர் பெற்ற இடம்; பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை அங்கிருந்து போகிறது என்பதே அதற்குச் சான்று. முட்டைக்கு நாமக்கல் கொள்முதல் விலை அன்றாடம் செய்தித்தாளில் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டால், உங்கள் தெருக் கடைக்காரர் நியாயமாக விற்கிறாரா என்பது தெரிந்துவிடும். நான்கு பேர் வீட்டுக்கு வாரம் ஒரு தட்டு, அதாவது 30 முட்டை, அதிகமாகலாம், பதினைந்து போதும்.

அப்படியானால் சூப்பர் மார்க்கெட்டால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. சோப்பு, பற்பசை, சலவைத்தூள், பிஸ்கட், சானிடரி பொருள்கள் போல எங்கே வாங்கினாலும் ஒரே பொருளாக இருப்பவற்றை, அச்சிட்ட விலையிலிருந்து கழித்துத் தரும் பெரிய கடையில் வாங்குவதே லாபம். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, எழுதிய பட்டியலோடு, பசியாறிய பின் போங்கள். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது உங்கள் பட்டியலில் ஏற்கனவே இருக்கும் பொருளுக்கு மட்டும் இலவசம். பட்டியலில் இல்லாததற்கு அது செலவு. ரசீதைக் கல்லாவை விட்டு நகர்வதற்கு முன் சரிபாருங்கள். அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையும் கணினியில் விழும் விலையும் மாறுவது என் அனுபவத்தில் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் விலைச்சீட்டை மாற்ற மறந்ததுதான் காரணம், சொன்னால் திருத்திக்கொடுப்பார்கள்.

செயலிகளைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. திடீரென்று விருந்தினர் வந்து பாலோ தயிரோ தீர்ந்துபோனால் அவை உதவும்; காய்ச்சலாய் இருக்கும்போது உதவும். வாரக் கொள்முதலுக்கு அவற்றை வைத்துக்கொண்டால், கொண்டுவரும் கட்டணம், கையாளும் கட்டணம், குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகச் சேர்த்த தேவையற்ற பொருள் என மூன்று வழியில் பணம் கசியும். அதைவிட, காயைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவது எனக்கு ஒருபோதும் ஒப்பாத காரியம்.

நியாயவிலைக் கடையை நீங்கள் குறிப்பிடவே இல்லை. குடும்ப அட்டை இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பவர்கள் நகரத்தில் பெருகிவிட்டார்கள். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். வரிசையில் நிற்க நேரமில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பருப்பு தரமற்றது என்ற பேச்சை நம்பி விடுவதானால், ஒரு மாதம் வாங்கி வேகவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இட்லிக்கு ரேஷன் புழுங்கலரிசியைக் கலந்து அரைக்கும் வீடுகள் கொங்கு நாட்டில் எத்தனையோ இருக்கின்றன; மாவு நன்றாகவே பொங்கும்.

எடையைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது, ஏனெனில் என் தொழிலே அதுதான். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: காய் வைப்பதற்கு முன்னால் தராசில் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்பது, தட்டின் எடையோ கூடையின் எடையோ கழிக்கப்பட்டதா என்று பார்ப்பது. சந்தேகம் வந்தால், அடைத்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் உங்கள் வீட்டுக்குப் பொருத்திச் சொல்கிறேன். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாச் சாமான்களுக்கு ஒரே பட்டியல் எழுதித் தெரு மளிகைக் கடையில் கொடுத்துவிடுங்கள்; மீதமுள்ளதைப் பார்த்து அடுத்த மாதப் பட்டியலைத் திருத்துங்கள். நியாயவிலைக் கடைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். சோப்பு வகைகளுக்குப் பெரிய கடைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சிங்காநல்லூர் உழவர் சந்தை. வாங்கி வந்ததும் சமைக்க வேண்டிய வரிசையை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்: சனி, ஞாயிறுக்குக் கீரையும் வெண்டையும், திங்கள், செவ்வாய்க்கு அவரையும் பொரியல் தட்டையும், புதனுக்கு வண்டியில் வாங்கிய கீரை, வியாழன், வெள்ளிக்குக் கேரட், பீட்ரூட், அரசாணி. எந்தக் காய் முதலில் வாடுமோ அது முதலில் அடுப்புக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர இந்த வரிசையில் வேறு சூத்திரம் இல்லை.

முதல் சனிக்கிழமை போகும்போது இரண்டு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 தொடக்கத்திலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் அங்கே பை தரமாட்டார்கள். ஒரு மஞ்சப்பையின் அடியில் கிழங்கும் வெங்காயமும், மற்றொன்றில் கீரையும் மேலாகத் தக்காளியும் இருக்கட்டும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கீரை விற்கும் பெரியம்மாக்களில் சிலரிடம் இன்னும் கைபேசிக் கட்டண அட்டை இல்லை.